இரண்டெழுத்து இடம்

திரையில் எண்ணுக்குப் பின்னால்
இரண்டெழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.
ஒரு நாணயத்தை ஆயிரமாய் உடைத்தால் ஒரு பெயர்,
உடைந்ததைத் திரும்பத் திரும்ப உடைத்தால் இன்னும் இரண்டு.
வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் வேண்டுமாம்,
கோரமங்களா ஆறாம் மாடிக்கு.

ஆங்கிலத்தில் சுலபம்.
ஒரே எழுத்து, பெரிதாய்ப் போட்டால் பத்து லட்சம்,
சிறிதாய்ப் போட்டால் சில்லறை.
நம் எழுத்தில் நெட்டை குட்டை கிடையாது.

மைக்ரோவைச் சுருக்கினேன்: மை.
கணக்கில் நாற்பது மை என்றால்
பேனாவுக்கா, கண்ணுக்கா?
நானோவைச் சுருக்கினேன்: நா.
‘பதினாறு நா அனுப்பப்பட்டது’ என்று வந்தால்
ஜனங்கள் போலீசுக்குப் போவார்கள்.

முந்திரி என்றேன்,
முந்நூற்றிருபதில் ஒரு பங்கு.
படம் போடும் தேபஸ்மிதா
பருப்பொன்றை வளைத்து வரைந்து அனுப்பினாள்,
அழகாகத்தான்.
காணி என்றேன்.
நிலம் விற்கிறோமென வழக்கு வரும் என்றது சட்டப் பிரிவு.
இம்மி என்றேன்.
“ஓரெழுத்து கூடுதல்” என்றான் ஹர்ஷவர்தன் காமத்,
இம்மியும் விட்டுக்கொடுக்காமல்.

மில்லிக்கு மட்டும் ‘மி’
அதுபாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

ஈஜிபுரா மேம்பாலத் தூணையொட்டி
லூர்துமேரியின் டீக்கடை.
சோதனைக்கென்று அவள் போனிலும் ஏற்றியிருந்தோம்.
ஒரு டீ, ஒரு பன். அனுப்பினேன்.
டிங்.
‘7 மி’

நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.
“மி-ன்னா? மிச்சமா?
ஏழு ரூபா நானா தரணும்?”
இல்லை என்பதற்குள் கல்லாவைத் துழாவி
அஞ்சு ரூபாய் ஒன்று,
மீதிக்கு இரண்டு புளிப்பு மிட்டாய்.
“வேண்டாங்க்கா, அது வேற…”
“மிசினே சொல்லுது, வாங்கிக்க.”
பின்னால் ஆர்டர் பை சுமந்த பையன்கள் மூன்று பேர்
நகரச் சொன்னார்கள்.

சோதனை நாணயத்துக்கு இன்னும் மதிப்பில்லை,
ஆயிரத்தில் ஒன்றுக்கும் இல்லை, ஆயிரத்துக்கும் இல்லை.
பாய்லருக்கடியில் முப்பது ரூபாயைச் செருகிவிட்டு
அவள் கொடுத்த அஞ்சையும் மேலே வைத்தேன்.
மிட்டாயைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

வெள்ளி, இரவு பதினொன்று.
சுருக்கம்: மி.
விரிவு: மிச்சம்.
ஆறாம் மாடியில் அதை வாசிக்கத் தெரிந்தவர்
என்னை விட்டால் யாருமில்லை.
பச்சை டிக் விழுந்தது.

நானோவின் கட்டம் காலியாகவே கிடக்கிறது.
இரண்டாவது மிட்டாயை
உறை பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.
நல்ல புளிப்பு.