ஏழேகாலுக்கு எங்கள் ஜன்னல்

தினமும் ஏழேகாலுக்கு
எங்கள் சந்துக்குள் வருவார்கள்.
முதலில் செருப்பொலி, பிறகு ஒரு சுட்டுவிரல்,
பிறகு இருபது முகங்கள் அண்ணாந்தபடி.
நான் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பேன்.
அந்தப் பையன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வான்,
எல்லோரும் 'ஆ' என்பார்கள்.
அப்படி என்னதான் சொல்கிறான் என்று
பதினோரு மாதம் யோசித்துவிட்டு
போன வியாழக்கிழமை
(வியாழன் மட்டும் இந்தியில் என்று பலகையில் போட்டிருந்தது)
நானே முந்நூறு ரூபாய் கட்டினேன்.

கோயில் வாசலில் பெயர் கேட்டான்.
'மிருதுளா.'
'எந்த ஊர் ஆன்ட்டி?'
'ராஜ்கோட்.'
பிறந்த ஊரைச் சொல்வது பொய்யில் சேராது.
கழுத்தில் அட்டை ஒன்றை மாட்டிவிட்டான்.

முப்பத்திரண்டு வருஷமாகக் காய்கறிப் பையோடு
தரையைப் பார்த்து நடந்த அகமதாபாத்தில்
அன்றுதான் வெறுங்கையோடு நடந்தேன்.
கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

புறாக்களுக்குத் தானியம் போடும் கம்பத்தைக் காட்டினான்.
உச்சிக்கூண்டில் எட்டு மூலைக்கும் மரப்பூவாம்.
அதன் அடியில்தான் குப்பை வண்டிக்காகக் காத்து நிற்பேன்,
பூ இருப்பது தெரியாது.
'இங்கே ராணிகள் துயில்கிறார்கள்' என்று
ஒரு கல்லறை வாசலில் குரலைத் தாழ்த்தினான்.
அதே படியில் போன தீபாவளிக்கு
பாவாடை விலைக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.
மன்னிக்கவும் ராணிகளே.

மாணேக் சௌக்கில் நகைக்கடை ஷட்டர்கள் இறங்க
பாவ்பாஜிக் கல்லில் வெண்ணெய் இறங்கியது.
தெருப்புழுதியை முறத்தில் கூட்டி அள்ளுகிறவளைக் காட்டி
அதில் தங்கத்தூள் இருக்கும் என்றான்.
எல்லோரும் அவளைப் படம் எடுத்தார்கள்.
அவள் புழுதியை மட்டும் பார்த்தாள்.

எங்கள் போள் நெருங்கியதும் கால் தானாக முந்தியது.
'மெதுவா ஆன்ட்டி,
உள்ளே போனா வழி தெரியாம சுத்துவீங்க.'
சரி தம்பி என்று பின்னால் போனேன்.

பிறகு
சுட்டுவிரல்.
'அதோ அந்த ஜன்னல். மேலே இரும்புக் கொக்கி தெரியுதா?
கப்பலேறிப் போன பட்டு வியாபாரிக்காக
அவன் மனைவி இருபது வருஷம்
அந்தக் கொக்கியில் விளக்கு ஏற்றினாள்.'
ஆ, என்றார்கள்.
நாக்பூர்க்காரி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.
கொசுவலை கட்ட
கிரீட் ஸ்டூலில் ஏறி அடித்த கொக்கி அது.
கட்டைவிரலையும் சேர்த்து அடித்துக்கொண்டார்.
இருந்தும், சொன்னால் யார் நம்புவார்கள்,
எனக்கும் தொண்டை அடைத்தது.

அந்நேரம் உள்ளே விளக்கு எரிந்தது.
பனியனோடு அவரே வந்து நின்றார்.
கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார்,
சிரித்தார். முழுப் பல்லும் தெரிய.
அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குள் பார்த்து
எத்தனை வருஷம் இருக்கும்?
அவர் பார்வை வரிசையாக எல்லா முகங்களையும் தொட்டு
என் முகத்தையும் தொட்டு
அடுத்த முகத்துக்குப் போனது.

'அந்த வியாபாரி திரும்பி வந்தானா?'
நான்தான் கேட்டேன்.
பையன் விழித்தான்.
இதுவரை யாரும் கேட்டதில்லை போலும்.
'நீங்க என்ன நினைக்கிறீங்க ஆன்ட்டி?'
'வந்தான். வந்ததும் பருப்பு எங்கே என்றான்.'
கூட்டம் சிரித்ததில்
எதிர்வீட்டுக் கைலாஷ்பென் எட்டிப் பார்த்தாள்.
அட்டையைத் திருப்பி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனேன்.
'எங்கே போயிருந்தே? பருப்பு எங்கே?'
'கடலுக்கு' என்றேன்.
டிவி சத்தத்தில் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை, ஏழேகால்.
செருப்பொலி. ஆங்கிலம்.
புரியாத வாக்கியங்களுக்கு நடுவில்
'தால்' என்று ஒரு சொல்,
அதைத் தொடர்ந்து சிரிப்பு.
பட்டாணியை ஒதுக்கிவிட்டு எழுந்தேன்.
ஸ்டூலில் ஏறி
ஈரத்துண்டை அந்தக் கொக்கியில் காயப்போட்டேன்.

கீழே இருபது கேமராக்கள் உயர்ந்தன.