பதினோராவது ஃபியூஸ்

வாத்ஸோ தாண்டிய கடலோர நிறுத்தம்.
இங்கே கடல் உறைவதில்லை,
மற்றதெல்லாம் உறைகிறது.
மார்ச் மாதம்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் எனக்கு
விடுப்பில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

வண்டியை விற்ற அன்று இங்கெப்ரிக்ட் சொன்னது இவ்வளவுதான்:
"கூரையில் இருப்பது வரவு.
பெட்டியில் இருப்பது கையிருப்பு.
மிச்சமெல்லாம் செலவு, அஸ்லாக்."
மீன் ஆலையில் முப்பது வருடம் மின்வேலை பார்த்தவர்.
அதற்குமேல் விளக்க அவருக்குப் பொறுமையில்லை,
கேட்க எனக்குத் துணிவில்லை.

சின்னத் திரையில் 13.2 வோல்ட்.
முக்கால் பங்கு இருந்தாலும் 13.2,
பாதிக்கு இறங்கினாலும் ஏறக்குறைய அதே.
லித்தியம் அப்படி.
பசியை முகத்தில் காட்டாது,
காட்டுகிற நேரம் விளக்கு அணைந்திருக்கும்.
அதனால் வோல்ட்டை விட்டுவிட்டு
ஆம்பியரை எண்ணப் பழகினேன்,
வந்தால் கூட்டல்
போனால் கழித்தல்
மளிகைக்கடைக் கணக்குப் போல.

மூன்றாம் இரவு எல்லாவற்றையும் அணைத்தேன்.
விளக்கு, தண்ணீர் பம்பு, வானொலி.
ஹீட்டரையும் அணைத்துவிட்டு
இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தேன்.
திரை சொன்னது: கழித்தல் 2.1.
ஆளில்லாத சமையலறையில்
யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் நல்ல வெயில்.
ஏணி போட்டுக் கூரைமேல் ஏறி
தகட்டின் பனியைக் கையுறையால் வழித்து
அதன் தெற்கு விளிம்பில் சூரியன் விழும்படி
பின்பக்கம் ஒரு விறகுத்துண்டை முட்டுக்கொடுத்தேன்.
கன்ட்ரோலரில் பச்சை விளக்கு.
பேட்டரிக்குள் போனதோ பூஜ்யம்.

கையேட்டை மூன்று தரம் படித்தேன்.
பூஜ்யம் டிகிரிக்குக் கீழே
இந்த பேட்டரி கொடுக்கும், வாங்காது.
வற்புறுத்தி ஊட்டினால்
உள்ளே உலோகம் படிந்து கெட்டுப்போகும்,
ஆகவே அதன் காவல்பலகை
வாயைச் சாத்திவிடும்.
வெளிப்பெட்டியில் அப்போது மைனஸ் ஆறு.
வாசலில் வெயில் நிற்கிறது,
உள்ளே தாழ்ப்பாள்.

சரி, முதலில் திருடன்.
ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன்.
ஒவ்வொன்றின் அடியிலும் இங்கெப்ரிக்டின் கையெழுத்து,
பென்சிலில், மீன்முள் போல நேராக:
பம்பு. படுக்கை விளக்கு. படி விளக்கு. தொடாதே.
ஒன்றைப் பிடுங்குவேன், திரையைப் பார்ப்பேன்,
திரும்பச் செருகுவேன்.
(தொடாதேயையும் தொட்டேன். அது காஸ் அலாரம்,
சுருக்கென்று கத்தியது.)
பத்து முடிந்தும் கழித்தல் 2.1.
பதினோராவதற்குப் பெயரே இல்லை.
பிடுங்கினேன்.
திரை தூங்கிவிட்டது: 0.0.

அந்தச் சிவப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன்,
பின் இருக்கைக்கு அடியில்
ஒரு வெதுவெதுப்பான விரிப்பு.
முழங்கை நீளம், விளிம்பில் கடித்த தடம்,
மேலே நிறைய வெள்ளை முடி.

போன் போட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"லூர்வ் படுப்பது," என்றார்.
"நவம்பரில் போய்விட்டான். பிடுங்க மறந்துவிட்டேன்."
முப்பது வருட மின்பணியாளர்
பத்துக்குப் பெயர் எழுதி ஒன்றை மறந்தாராம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பேட்டரி வாங்க மறுக்கிறது என்று மட்டும் சொன்னேன்.
"எத்தனை டிகிரி?"
சொன்னேன்.
"விரிப்பின் அகலம் என்ன?"
அளந்தேன்.
அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

மத்தியானம் பேட்டரியைத் தூக்கி
அடியில் விரிப்பைச் செருகினேன், கம்பியை நீட்டினேன்.
முடியைத் தட்டவில்லை,
தட்டினாலும் போகாது.
ராத்திரி முழுக்க அது தின்றது 2.1,
இந்தத் தடவை யார் தின்கிறார்கள் என்று தெரிந்ததால்
தூங்கினேன்.

காலை. வெளியே மைனஸ் ஒன்பது,
பெட்டிக்குள் நான்கு.
கூட்டல் 0.4.
கூட்டல் 1.9.
காபி கொதிப்பதற்குள் கூட்டல் 6.3.

பென்சிலைத் தேடி எடுத்து
பதினோராவதன் அடியில் எழுதினேன்.
என் எழுத்து அவருடையதைப் போல நேராக வரவில்லை.
அதற்குள் வராங்கர் பக்கமிருந்து ஒரு மேகம்,
1.2.
சரி, வரட்டும்.