போளைக் கண்

சோளகம் பிடித்தால் கொழும்பில்
எந்தத் தோலும் காயாது.
உப்பே தண்ணீர் விடும்.

நாற்பது இறாத்தல் புத்தளத்து உப்பைச்
சிறுத்தையின் உட்புறம் தேய்த்து
சுருட்டி, சரிவாய் வைத்து,
விடிய எழும்பிப் பார்த்தேன்:
வாளியில் சிவந்த நீர்.
மயிர் கழரவில்லை. அது போதும்.

காதுதான் வேலை.
சட்டைப் பொக்கற்றை வெளியே இழுப்பதுபோல்
குருத்தெலும்பிலிருந்து தோலை
மெல்லப் புரட்டவேணும்.
உதடும் அப்படி. மூக்கும்.
பிறகு பாஷாணச் சவர்க்காரம்.
துவான் கிச்சில் அதைத் தொட்ட கையால்
சுருட்டுப் பிடிப்பதில்லை.
நான் இரண்டு தரம் பிடித்திருக்கிறேன்.

டன்ஸ்டன் துரையின் கடிதம் ஆணியில் தொங்குகிறது:
வாய் திறந்திருக்கவேண்டும்.
எல்லாப் பல்லும் தெரியவேண்டும்.
என் மேல் பாய வந்த அந்தக் கணம்.

நான் தோலை உள்ளிருந்து பார்ப்பவன்.
குண்டு நுழைந்த இடம்
பின்தொடைக்கு மேலே, முதுகெலும்புக்கு இடப்பக்கம்.
அது போய்க்கொண்டிருந்திருக்கிறது.
வயிற்றில் நான்கு காம்புகள்,
ஒவ்வொன்றையும் சுற்றி
மயிர் தேய்ந்த வட்டம்.
கடிதத்தில் அது இல்லை.

மெழுகு நூலால் ஓட்டையைத் தைத்தேன்,
பதினொரு தையல்.
வெளியே ஒன்றும் தெரியாது.
அதற்குத்தான் காசு.

மரமும் கம்பியும் தும்பும் உள்ளே போய்
முதுகு வளைந்து நின்றபின்னும்
கண் இல்லை.
கண் ஜெர்மனியிலிருந்து வரவேணும்.
சண்டை தொடங்கி எட்டு மாதம்.
துறைமுகத்தில் அந்தப் பெட்டி இறங்கவில்லை.
சுவரில் மூன்று மரை, ஒரு எருமை, ஒரு கரடி,
கண்குழிகளில் களிமண்,
களிமண்ணில் என் பெருவிரல் ரேகை.
கொம்பனித்தெருவே என் கைநாட்டால்
பார்த்துக்கொண்டிருப்பதுபோல்.

கிச்சில்தான் போனார்.
மருதானையில் பன்னிரண்டு போளைச் சோடா.
ஆறைக் குடித்தோம், ஆறை ஊற்றினோம்,
போத்தல்களைச் சாக்கில் கட்டி உடைத்தோம்.
பச்சைக் கண்ணாடி. பின்புறம் மஞ்சள் தீட்டி
நடுவில் கறுப்பு ஒரு பொட்டு.
சிறுத்தைக்குக் கொஞ்சம் சிறிது;
இமையை இழுத்துவிட்டால் கோபம்போல் இருக்கும்.

வாய் முன்னே உறுமியது.
இடக்கண்ணின் பொட்டை மட்டும்
ஒரு நெல்லளவு பின்னே தள்ளி வைத்தேன்,
முதுகுக்குப் பின்னால்
சுள்ளி முறிந்த சத்தத்துக்கு.

சனிக்கிழமை துரை வந்தார்.
தொப்பியைக் கழற்றி
வெகுநேரம் பார்த்தார். இந்தப் பக்கம் வந்தார்,
அந்தப் பக்கம் போனார்.
"எதுவோ சரியில்லை."
கடைவாய்ப் பல்லை விரலால் தட்டினார்.
"நாக்குச் சின்னதோ?"

"பெரிதாக்கலாம் துரை" என்றேன்.