ஊதுங்க

பத்தாயிரம் கட்டியாச்சு.
ரசீது அரிசி டப்பாவுக்கு அடியில்.
லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு
யாருடைய பீரோவிலோ தூங்குகிறது.
"புதங்கிழமை தோறும் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க"
என்றார் அந்தம்மா நீதிபதி,
அடுத்த கட்டின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே.

மோகனூரிலிருந்து நாமக்கல்.
இருபத்தோரு வருசம் லாரி ஓட்டினவன்
எக்ஸெல் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
துளசிமணி ஓட்டுகிறாள்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
இடுப்பைப் பிடித்தால் ரோடே பார்க்கும்.
கம்பியைப் பிடித்தால்
தீவன மூட்டைக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.
என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறது.

சர்க்கரை ஆலை தாண்டுகையில்
கழிவுப்பாகின் வாசம்
ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கும்.
அந்த இடத்தில் மட்டும் துளசி
ஆக்சிலேட்டரை முறுக்குவாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசினதில்லை.

பதினாலாம் நம்பர் அறை.
எட்டு நாற்காலி, ஒன்று ஆடும்.
நசீமா மேடம் நோட்டைத் திறந்தார்.
"எதுக்கு வந்தீங்க சென்னியப்பன்?"
"கேஸுங்க."
"கேஸ் கோர்ட்டுல இருக்கு. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நான் ஒருத்தரையும் இடிக்கலீங்க மேடம்.
லோடுக்கு ரெண்டு லச்சம் முட்டை.
கேரளா வரைக்கும் போவேன்.
போட்டுட்டு ஓட்டினாலும்
ஒரு ஓடு விரிஞ்சதில்லீங்."
அவர் எழுதிக்கொண்டார்.
"வீட்டுல?" என்றார்.

மின்விசிறியைப் பார்த்தேன்.
ரிமோட்டு. டம்ளர்கள், எத்தனையென்று தெரியாது.
பையன் பள்ளிக்கூடத்துக்குச் செய்த அணைக்கட்டு.
அப்புறம், கதவிடுக்கில் நசுங்கியதாக
ஊருக்கெல்லாம் சொல்லிவைத்த
அவளுடைய இடது சுண்டுவிரல்.
இப்போது பின்னாலிருந்து தினமும் பார்க்கிறேன்:
மற்ற விரல்கள் பிரேக்கைப் பிடிக்கும்,
அது மட்டும் மடங்காமல்
வயல் பக்கம் காட்டிக்கொண்டு வரும்.
"கொஞ்சம் உடைஞ்சிருக்குங்க" என்றேன்.

மாத்திரை கொடுத்தார்கள்.
முதல் பத்து நாள் ராத்திரியெல்லாம் வேர்த்தது.
கறிக்குழம்பு மண்ணாட்டம் இருந்தது.
ஒரு நாள் சாயங்காலம் ஆறரைக்கு
மளிகைக்கடையில் மூன்று மணி நேரம்
உளுந்து வாங்கினேன்.

வாராவாரம் கடைசியில் மிஷின் வரும்.
ஆளுக்கொரு புது குழாய்.
எனக்கு மூன்று வாரமாய் முட்டை.
ஊரே சிரித்தது, முட்டை ஊரல்லவா.

ஐந்தாம் புதன் புதிதாய் ஒருவர்.
நீலக் கட்டம் போட்ட சட்டை,
ஒட்ட வெட்டின கிராப்பு.
"பேரு மாதேஸ்வரன்."
"வேலை?"
"கவர்மெண்டுங்க."
குரல் தெரிந்த குரல்.
வாங்கல் பாலத்து முக்கில்,
பெட்ரோமேக்ஸ் மாதிரி எரிந்த விளக்குக்குக் கீழே
என் வாயில் குழாயைத் திணித்து
"ஊதுறா, நல்லா ஊது" என்ற குரல்.
நூற்று நாற்பத்திரண்டு என்று
தலைக்கு மேலே தூக்கிக் காட்டின கை.

அவருக்கும் தெரிந்துவிட்டது.
ஆடுகிற நாற்காலியில்
ஆடாமல் உட்காரப் பார்த்தார்.

மிஷின் அவரிடம் வந்தபோது
கை அதைப் பிடிக்கவில்லை.
உதறிக்கொண்டே இருந்தது,
கல்ரோட்டில் முட்டை அட்டை மாதிரி.
சொல்வதற்கு எவ்வளவோ
நாக்கு நுனி வரை வந்தது.
இரண்டு மாதமாய்ச் சேர்த்து வைத்திருந்தது.
எழுந்துபோய் மிஷினைப் பிடித்துக்கொண்டேன்.
"ஊதுங்க சார்.
மெதுவா ஊதுங்க."
எண்ணைப் பார்க்காமல்
மேடத்திடம் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னைக்கு ஏன் நேரமாச்சு?" என்றாள் துளசி.
"ஒருத்தர் புதுசா வந்தாருங்க."
அவளை நான் 'ங்க' போட்டுப் பேசியது
எனக்கே அப்புறந்தான் உறைத்தது.
அவள் கேட்டமாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அணியாபுரத்தில் பெட்ரோல் போட நிறுத்தினாள்.
டேங்க் மூடியைத் திறக்கச்
சாவியை என் கையில் கொடுத்தாள்.
திறந்தேன். நூறு ரூபாய்க்குப் போட்டார்கள். மூடினேன்.
சாவி கையில் சூடாக இருந்தது.
பஸ் ஒன்று தூசி கிளப்பிப் போனது.

அவள் கையை நீட்டினாள்.
நாலு விரலும் மடங்கின,
சாவியை வாங்கிக்கொண்டு.