ஒன்றே முக்கால் பாகை

முந்தின இரவே பித்தளைக் கட்டையைத் தொங்கவிட்டேன்,
இழையின் முறுக்கு போகட்டும் என்று.
காந்தம் ஏறுமுன் காந்தமில்லாத ஒன்று,
அதே எடை, அதே நீளம்.
அங்கும் இங்கும் திரும்பிப் பார்த்த இழை
விடியும்போது சும்மா இருந்தது.

முட்டம். கலங்கரை விளக்கின் அடியில்
புல்லுக்குள் பாதி புதைந்த அளவைக் கல்.
அதில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள், இரும்புச் சங்கிலியால்.
முதல் பிழை அது.
உதவிக்கு வந்த வறுவேல் அவிழ்த்துப்போய்
ஒரு பனையில் கட்டினார்.
ஆடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெக்கு தீந்துபோற ஊருல வந்து
வடக்கத் தேடுதாவளே சர்க்காரு!"

வடக்கு இரண்டு இருக்கிறது என்றேன்.
பூமி சுழல்கிற அச்சு ஒன்று, ஊசி சொல்வது ஒன்று.
நடுவிலுள்ள இடுக்கை அளக்கத்தான் சம்பளம்.

துருவ நட்சத்திரம் இங்கே எட்டுப் பாகை உயரம்;
தென்னந்தோப்பை விட்டு வெளியே வராது.
எனவே சூரியன். கறுப்புக் கண்ணாடி வழியே
ஏழு நாற்பதுக்கு அதன் இடது விளிம்பு,
ஏழு நாற்பத்திரண்டுக்கு வலது.
பிறகு கோயில் சிலுவைக்குத் திருப்பினால்
ஐந்தாண்டுக்கு முந்தைய ஏட்டிலிருந்த சிலுவை
அங்கே இல்லை.
இடித்துக் கட்டியிருக்கிறார்கள், கிழக்கே தள்ளி, இன்னும் உயரமாய்.

"எங்க பாருக்கும் அதுதாம் கணியம்" என்றார் வறுவேல்.
"சிலுவையும் வேளிமலை மூக்கும் ஒண்ணாத் தெரிஞ்சா
அடியில பாரு. கோயில் மாறின வருசம்
நாலு நாள் வெறும் வலை.
பொறவு செல்போன் டவர வச்சுப் பிடிச்சாச்சு."
நாலு நாள்.
எனக்கு மூன்று படிவம், இரண்டு கையொப்பம்,
டேராடூனுக்கு ஒரு கடிதம்.

கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட்.
மணவாளக்குறிச்சிக் கருமணல் ஒட்டிய செருப்பு.
தாலியில் மாட்டியிருந்த இரண்டு ஊக்கு,
துப்பட்டாவில் ஒன்று.
எல்லாம் அவர் தோர்த்தில் போட்டு முடிந்தாயிற்று.
வெறுங்காலோடு குனிந்து பார்த்தேன்.
காந்தம் மூச்சு விடுவதுபோல் அசைந்து, அசைந்து,
நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை.
நான்கு கலை அதிகம்.
அவர் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தால் ஐந்து.

வலது உள்ளங்கையை விரித்தார்.
பெருவிரல் மேட்டில் நீலமாய் ஒரு தடிப்பு.
"தூண்டிமுள்ளு. ஒடிஞ்சு உள்ளபோயி பதினோரு வருசம்.
டாக்டரு கீறணும்னாரு. நாம் போவல."

இருபதடி தள்ளிப் போகச் சொன்னேன்.
போனார்.
என் இரும்பையெல்லாம் ஒரு கையில் தூக்கிக்கொண்டு,
தன் இரும்பு மறு கையில் இருக்க,
கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.
என் கடிகாரத்தைப் பார்த்து
நேரத்தைக் கூவினார். நான் கோணத்தைக் கூவினேன்.
காற்று, கச்சான், பாதியைத் தின்றது.

காந்த விலக்கம்: ஒரு பாகை நாற்பத்தாறு கலை, மேற்கு.
குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம்.
ஆடு என்று எழுதினேன்.
மற்றதை எழுதவில்லை.