நன்றி என்றால் போதும்

சால்ட்டோ நகரப் பேருந்துப் பணிமனையில்
விடிகாலை ஐந்துக்கு முன்னால்
ஒரே ஒரு சுரைக்குடுவைதான் இருந்தது.
அதில் மத்தே இலை, வெந்நீர், ஒரே ஒரு குழல்.
ஊற்றுவது ஆடெமார்.
வேறு யார் ஊற்றினாலும் இலை சீக்கிரம் வெளுத்துவிடுமாம்.
அவனே சொல்லிக்கொண்டது.
அந்த நேரத்தில் யார் மறுப்பார்?

முதல் குடுவை அவனுக்கு.
அதிகக் கசப்பு ஊற்றுகிறவன் பங்கு.
பிறகு சுற்றி வரும்:
மெக்கானிக் வில்மார், டயர்க் கிடங்கு நெல்லி,
தடம் ஏழு, தடம் மூன்று,
கடைசியில் கணக்கு எழுதும் நான்.
குழலைத் துடைக்கக் கூடாது.
துடைத்தால் உன்னை நம்பவில்லை என்று பொருள்.
வில்மாரின் மீசை ஈரமும்
நெல்லியின் உதட்டுச் சாயமும்
என் வாய்க்கு வந்து சேர்ந்தன,
பதினோரு வருஷம்.

நன்றியும் சொல்லக் கூடாது.
சொன்னால் போதும் என்று பொருள்,
அடுத்த சுற்றில் உன்னைத் தாண்டிப் போய்விடும்.
பேருந்து விற்க வந்த ஸ்வீடன்காரர்
முதல் குடுவையிலேயே நன்றி சொல்லிவிட்டு
கூட்டம் முடியும்வரை
அது தன் மூக்கருகே போய்வருவதைப்
பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஒரு மார்ச் மாதம்
சுவரில் தாள் ஒட்டினார்கள்.
இரண்டு வாரம் என்றது தாள்.

இப்போது ஆறு குடுவை, ஆறு பிளாஸ்க்.
நெல்லியுடையதில் நகப்பூச்சால் ஒரு பூ.
தாளை நான்தான் கிழித்தேன், போன வருஷம்.
டேப்பின் நான்கு மூலைகள் மட்டும் சுவரில் இருக்கின்றன.
யாரும் தடுக்கவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

தடம் ஏழின் பழைய ஓட்டுநருக்கு
தனிக் குடுவை வாங்க நேரம் இருக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
எனக்குப் பிடித்திருக்கிறது.
என் சூடு, என் அளவு.
கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்கூடப் போடுகிறேன்.
ஆடெமார் மோந்தால் சண்டைக்கு வருவான்,
மோக்கத்தான் அவனுக்கு மூக்கு இல்லை.
காய்ச்சலோடு போனது, திரும்பவில்லை.
நாக்கில் கசப்பு தெரிகிறதாம்,
புகை தெரியவில்லையாம், இலை தெரியவில்லையாம்.
கை சும்மா இருக்க மாட்டாமல்
வண்டிச் சாவிகளை எண் வரிசையில் மாட்டுகிறான்,
கலைக்கிறான்,
மாட்டுகிறான்.

குளிர்காலத்தில் முன்போல் சளி பிடிப்பதில்லை.
நெல்லி வீட்டுக் கதைதான் தெரிவதில்லை.
குடுவைக்குக் காத்திருக்கும்போதுதானே சொல்வாள்.
அவள் மகன் கடல் தாண்டிப் போனதை
அவளுடைய விடுப்பு விண்ணப்பத்தில் படித்தேன்.
ஒப்புதல் முத்திரை குத்தினேன்.

காலையில் கன்னத்தில் முத்தமிடுவோம்.
அது முழங்கை ஆயிற்று, பிறகு முஷ்டி,
இப்போது பாதி வழியில் நிற்கும் இரண்டு முகங்கள்.

ஆகஸ்டில், மழை நாளில்,
தடம் ஏழின் புதுப் பையன் ப்ரையான்
பிளாஸ்கை மறந்து வந்தான்.
பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தை
கைபேசித் திரையில் முடித்த பிள்ளை.
மழையில் நனைந்து பல் கிட்டிக்கொண்டு நின்றான்.
ஆடெமார் சாவிகளை விட்டு வந்தான்.
தன் குடுவையில் ஊற்றி நீட்டினான்.

பையன் குழலைப் பார்த்தான்.
எங்களைப் பார்த்தான்.
சட்டை நுனியால் துடைத்தான்.

நெல்லி மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.
ஆடெமார் முகத்தில் ஒன்றும் இல்லை.
பையன் குடித்தான்,
குழல் காலியாகி உறுமும்வரை குடித்தான்,
திருப்பிக் கொடுத்தான்.
நன்றி சொல்லவில்லை.
விதி தெரிந்தா, மரியாதை தெரியாமலா,
இன்னும் எங்களுக்குள் வழக்கு.

ஆடெமார் மறுபடி ஊற்றினான்.
பழக்கத்தில் கை அடுத்த ஆள் பக்கம் திரும்பி
காற்றில் நின்றது.
வில்மார் வாசலைப் பார்த்தான்.
நெல்லி தன் பூவைப் பார்த்தாள்.
நான் என் குடுவையின் வாயை
உள்ளங்கையால் மூடியிருந்தேன்.
எப்போது மூடினேன் என்று தெரியவில்லை,
தோலில் வட்டமாகச் சூடு.

வெளியே தடம் மூன்று ஹாரன் அடித்தது.
மணி ஐந்தேகால்.