பதினோரு விநாடி

படத்தில் அது வருவது பதினோரு விநாடி.
நாயகன் காசு போடுகிறான், தோற்கிறான்,
மழைக்குள் போய்விடுகிறான்.
அந்தப் பெட்டியைத்தான் கட்டுகிறோம்
தங்கச்சிமடத்தில், தடைக்காலத்தில்,
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்.

நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு
டிவியில் ஸ்கேல் வைத்து அளந்தாள் மெட்டில்டா.
அவன் இடுப்புக்கு மேலே நாலு விரல், பொத்தான்கள்:
சிவப்பு மூன்று, பச்சை ஒன்று
(பச்சையை அவன் தொடுவதேயில்லை).
பலகை, விசைப்படகு அறைக்கு வாங்கி மிஞ்சியது.
உப்புக்காற்று இரும்பைத் தின்னும்,
எல்லாம் பித்தளைத் திருகு.

இடப்பக்கம்தான் இடித்தது.
கேமரா ஒருதரமும் அங்கே போகவில்லை.
"ஒன்றுமே இருந்திருக்காது,
முட்டுக்கொடுத்த கம்பு மட்டும்" என்றேன்.
அவள் பேசவில்லை.
விடிந்து பார்த்தால்
அந்தப் பக்கம் முழுக்கப் படகு நீலம்,
பதிவு எண் எழுதுகிற கட்டை எழுத்தில்
எங்கள் வீட்டுக் கதவு எண்.

கரண்ட் இல்லை. இருந்தும் காசு போட்டேன்.
படத்தில் அந்த இடத்தில் வயலின்கள்,
வேறெதுவும் கேட்காது.
இங்கே கேட்டது:
பலகையில் ஒருதரம்,
தகரத்தில் இரண்டுதரம், பிறகு
எங்கோ சிக்கிக்கொண்டது.

ஐந்து ரூபாய்.
இன்னும் எடுக்கவில்லை.